ரத்தநோயோடு வாழும் அப்பா அம்மாவின் தீராத அசதி: பிள்ளைகளுக்கான முழுமையான வழிகாட்டி

நாள்பட்ட ரத்தநோய் உள்ள ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "வயசாயிடுச்சு இல்லையா, அசதி இருக்கத்தான் செய்யும்." இன்னொன்று, "ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" இந்த இரண்டையும் நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன்.

வயதானால் வேகம் குறையும், அது சரி. ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் விடியற்காலையிலேயே ஆள் சோர்ந்து கிடப்பதற்கு வயது மட்டும் காரணமாக இருக்காது. ரத்தநோய்களில் வரும் அசதி ஓய்வெடுத்தால் போகிற அசதி இல்லை. செய்த வேலைக்கும் வந்த களைப்புக்கும் சம்பந்தமே இருக்காது. அதில் ஒரு பகுதியைச் சரிசெய்ய முடியும், இன்னொரு பகுதியோடு வாழப் பழக வேண்டியிருக்கும். எது எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்ப்பதில் பிள்ளைகள் பெரிய உதவியாக இருக்கலாம். கீழே சொல்லும் வரிசையில் போனால் சிக்கல் குறைவு.

படி 1: நோயின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

"அம்மாவுக்கு ரத்தத்தில் ஏதோ பிரச்சினை" என்ற அளவில் தெரிந்து வைத்திருந்தால் போதாது. ஏனென்றால் ஒரு நோயில் நல்லது செய்வது இன்னொன்றில் கெடுதல் செய்யும். பழைய கோப்பை எடுத்து, டாக்டர் எழுதிய நோயின் முழுப்பெயர், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு, மரபணுச் சோதனை செய்திருந்தால் அதன் முடிவு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

வயதானவர்களிடம் அடிக்கடி பார்க்கிறவை சில. பாலிசைதீமியா வேராவில் சிவப்பணுக்கள் அதிகமாக உற்பத்தியாகி ரத்தம் கெட்டிப்படும். எசென்ஷியல் த்ராம்போசைதீமியாவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அதிகம். மைலோஃபைப்ரோசிஸில், எலும்புக்குள் ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜை தழும்பேறிப் போவதால் ரத்தச்சோகை வரும், மண்ணீரல் வீங்கும். இந்த மூன்றும் ஒரே குடும்பம். 2005இல் கண்டறியப்பட்ட ஜாக்-2 மரபணு மாற்றம் பாலிசைதீமியா உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும், மற்ற இரண்டு நோய்களிலும் பாதிப் பேரிடம் இருக்கும். மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம், சுருக்கமாக எம்.டி.எஸ்., வேறு வகை. அதில் மஜ்ஜை ஓயாமல் வேலை செய்தும் முழுமையான அணுக்கள் வெளியே வராது. இவை தவிர நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியா என்ற வெள்ளையணுப் புற்றுநோய் இருக்கிறது. பல பேருக்குப் பல வருடங்கள் சிகிச்சையே இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் ஓடும் நோய் அது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பாலிசைதீமியா உள்ளவருக்கு ஹீமோகுளோபின் குறைவே இல்லை, சொல்லப்போனால் அதிகம். இருந்தும் அசதி அவரை ஆட்டிப் படைக்கும். நோயுற்ற அணுக்கள் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களை உடலில் அதிகமாக்கிக்கொண்டே இருக்கும். காய்ச்சல் வரும்போது உடம்பு முறுக்கிப்போட்டதுபோல் கிடப்போமே, அதற்கும் இவைதான் காரணம். அதனால்தான் ரிப்போர்ட்டில் எண்கள் ஒழுங்காக இருக்கும் நாளிலும் ஆள் எழ முடியாமல் கிடக்கலாம். அப்பா நடிக்கவில்லை, சோம்பேறித்தனமும் இல்லை. இதை வீட்டில் மற்றவர்களுக்கும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

படி 2: எதற்குக் காத்திருக்கக் கூடாது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

அசதியைப் பொறுமையாக ஆராயலாம். ஆனால் கீழே உள்ளவை அந்தக் கணக்கில் வராது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

- முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் திடீரென்று வலுவிழப்பது, பேச்சு குழறுவது, பார்வை சட்டென்று மங்குவது. ரத்தம் உறையும் தன்மை அதிகமுள்ள நோய்களில் பக்கவாத ஆபத்து கூடுதல். உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- நெஞ்சுவலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம்.
- ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று வரும் கடுமையான வயிற்றுவலி.
- கறுப்பாகத் தார்போல மலம் போவது, நிற்காத ரத்தக்கசிவு. தட்டணுக்கள் குறைவாக உள்ளவர் தலையில் அடிபட விழுந்தால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான்.
- வெள்ளை அணுக்கள் குறைவாக இருப்பவருக்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கோ 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று இரவைக் கடத்தாதீர்கள்.
- நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசுவது.

சில நாட்களுக்குள்ளேயே அசதி சட்டென்று கூடினாலும் தாமதிக்காமல் டாக்டரை அழைக்கலாம். லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியாவில் உடலே தன் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்குவதுண்டு. கண் மஞ்சளாவதும் சிறுநீர் கருத்துப் போவதும் அதன் அடையாளம்.

படி 3: "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

கேட்டால் வரும் பதில் தெரிந்ததுதானே: "ஒண்ணும் இல்லப்பா, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்." பெரியவர்கள் பிள்ளைகளைப் பயமுறுத்த விரும்புவதில்லை. மெதுவாக வந்த மாற்றம் என்பதால் பல நேரம் அவர்களுக்கே அது புலப்படுவதும் இல்லை.

அதனால் அவர் சொல்வதைவிட, எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று பாருங்கள். அசதி ஒருவரின் நாளை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். முதலில் மாலை நடை போகும். அப்புறம் தினமும் படிக்கிற செய்தித்தாளில் தலைப்புகளோடு நின்றுவிடுவார். போனில் பேச்சு சுருங்கும். குளித்துவிட்டு வந்து சட்டையில் இரண்டு பட்டன் போட்டதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபின் மூன்றாவதைப் போடுவார். தலைமுடியைச் சிக்கெடுக்கக் கையைத் தூக்கிய அம்மா, பாதியில் இறக்கி மடியில் வைத்துக்கொள்வார். ஒரு எண்ணைவிட இந்த மாதிரி விவரங்கள்தான் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

கேள்வியையும் மாற்றிப் பாருங்கள். "இன்னைக்கு மாடிக்குப் போனீங்களா? எத்தனை இடத்துல நின்னீங்க?" "போன மாசம் செஞ்சு, இப்ப செய்ய முடியாதது ஏதாவது இருக்கா?" "ஒரு நாள்ல எந்த நேரம் ரொம்ப மோசம்?" இப்படிக் கேட்டால் பதில் வரும்.

இதை ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். தினமும் எழுதினால் அதுவே ஒரு சுமையாகிவிடும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். 0 முதல் 10 வரை அசதிக்கு ஒரு மதிப்பெண், 0 என்றால் அசதியே இல்லை, 10 என்றால் இதைவிட மோசமாக நினைக்கவே முடியாது. மதிப்பெண்ணை அவரே போடட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். பக்கத்தில் ஒரு வரி: அன்று என்ன செய்தார், எதை விட்டார், தூக்கம் எப்படி.

பாலிசைதீமியா குடும்பத்து நோய்களுக்கு மருத்துவர்களே பயன்படுத்தும் பத்து அறிகுறிகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. அசதி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, வயிற்று அசௌகரியம், செயல்பாடு குறைவது, கவனம் சிதறுவது, இரவில் வியர்த்துக் கொட்டுவது, அரிப்பு, எலும்பு வலி, காய்ச்சல், எடை குறைவது ஆகியவை அந்தப் பத்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. அடுத்த முறை போகும்போது "அந்தப் படிவம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். முதல் சிலவற்றைப் பார்த்தாலே மண்ணீரல் வீங்கி வயிற்றை அழுத்துகிறதா என்று டாக்டர் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

படி 4: சரிசெய்யக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் அதிகப் பலன் கிடைக்கும். "எல்லாம் அந்த ரத்தநோயால்தான்" என்று முடிவு கட்டிவிட்டால், அதன் நிழலில் ஒளிந்திருக்கும் சின்னச் சின்னக் காரணங்கள் கண்ணில் படாது. வயதானவருக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு காரணங்கள் இருப்பது சாதாரணம்.

முதலில் ரத்தச்சோகை. உலக சுகாதார அமைப்பின் நீண்டகால அளவுகோல்படி, ஹீமோகுளோபின் ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்குக் கீழும் பெண்களுக்கு 12க்குக் கீழும் இருந்தால் ரத்தச்சோகை. இன்றைய எண்ணை மட்டும் பார்க்காமல் கடந்த ஒரு வருடத்து எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். பல வருடமாக 9இல் இருப்பவர் ஓரளவு சமாளித்துவிடுவார். இரண்டு மாதத்தில் 12இலிருந்து 9க்கு இறங்கியவர் தவித்துப்போவார்.

அடுத்து இரும்புச்சத்து. இந்த இடத்தில் ரொம்பக் கவனம் தேவை. பாலிசைதீமியா வேராவில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோக்ரிட் என்ற அளவை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க, அவ்வப்போது ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ரத்தத்தோடு இரும்பும் போய்விடும். இரும்புச்சத்துக் குறைவால் அசதி, கால்களில் குறுகுறுப்பு, கவனச் சிதறல் எல்லாம் வரும். ஆனால் இரும்பு மாத்திரை கொடுத்தால் மஜ்ஜை அதை வைத்து மறுபடி சிவப்பணுக்களை உற்பத்தி செய்து தள்ளும், ஹீமட்டோக்ரிட் எகிறும், ரத்தம் உறையும் ஆபத்து கூடும். அதனால் இந்த நோயில் அசதியைக் காரணம் காட்டி நாமாக இரும்பு கொடுக்கவே கூடாது. ரத்தம் எடுப்பதைக் குறைத்து வேறு மருந்துக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேட்பதுதான் வழி.

எம்.டி.எஸ்.ஸில் கதை தலைகீழ். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர் உடலில் இரும்பு சேர்ந்துகொண்டே போகும். ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, கூடுதல் இரும்பை வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லை. இருபது பை தாண்டும்போது இரும்பை அகற்றும் மருந்து தேவையா என்ற பேச்சு வரும். அன்போடு யாராவது வாங்கி வரும் "ரத்தம் ஊற டானிக்" இரண்டு நோயிலுமே தவறான பொருள். அவர்கள் மனம் நோகாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெற்றோருக்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் வைட்டமின் பி12. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினை, அல்லது அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல், ஒமேப்ரசோல் போன்றவற்றை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு இது குறையலாம். பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெரிதாகும். ரத்த அணுக்களைக் குறைக்கக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை எடுத்தாலும் சிவப்பணுக்கள் பெரிதாகும். ஆகவே சிவப்பணு பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, பி12ஐத் தனியாகச் சோதிக்க வேண்டும். கூடவே ஃபோலேட், தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், சோடியம், சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தநோய்க்காக இன்டர்ஃபெரான் ஊசி போடுகிறவருக்குத் தைராய்டு பாதிப்பு வரலாம் என்பதால் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இதயப் பலவீனமும் வெறும் அசதியாகவே தலைகாட்டுவதுண்டு. பாதவீக்கம் இருந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் எடுங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், எழும்போது வரும் தள்ளாட்டத்துக்கும் சோர்வுக்கும் அது ஒரு காரணம். பெரும்பாலும் பிரஷர் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ டாக்டர் மாற்றினாலே ஓரளவு சரியாகும். சோதிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், விழுந்துவிடக் கூடாது.

படி 5: மாத்திரைப் பை முழுவதையும் மேசையில் கொட்டுங்கள்

ரத்தநோய் டாக்டர் கொடுத்தது, இதய டாக்டர் கொடுத்தது, தூக்கத்துக்காக என்றோ ஆரம்பித்தது, கடையில் தானே வாங்கியது, மூலிகைப் பொடி என எல்லாவற்றையும் எடுங்கள். பெயர், அளவு, நேரம், யார் கொடுத்தது, எதற்கு என்று ஒரே தாளில் எழுதுங்கள்.

சந்தேகிக்க வேண்டியவை சில உண்டு. பாலிசைதீமியாவில் குளித்தவுடன் உடலெல்லாம் அரிக்கும். அதற்காகப் போடும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், ஹைட்ராக்ஸிசின், குளோர்ஃபெனிரமின் போன்றவை, பெரியவர்களைப் பகலெல்லாம் மந்தமாக்கும், குழப்பத்தையும் உண்டாக்கும். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரைகள் சிலருக்கு உடலைக் கட்டிப்போட்டதுபோல் ஆக்கும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையின் மயக்கம் மறுநாள் மதியம்வரை நீளலாம்.

ரத்தநோய்க்கான மருந்தே காரணமாகவும் இருக்கலாம். ருக்சோலிட்டினிப் ஆரம்பித்த முதல் மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் இறங்கி, பிறகு ஓரளவு மேலேறி நிலைப்பது வழக்கம். இன்டர்ஃபெரான் அசதியையும் மனச்சோர்வையும் சேர்த்தே கொண்டு வரலாம்.

இவ்வளவும் டாக்டரிடம் பேசுவதற்காக. நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. ருக்சோலிட்டினிப்பைச் சட்டென்று நிறுத்தினால் அடங்கியிருந்த அறிகுறிகள் எல்லாம் சில நாட்களிலேயே திரும்பிப் பாயும், சில நேரம் ஆபத்தாகவும் முடியும். தூக்க மாத்திரையையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆஸ்பிரின் எடுப்பவர் மூட்டுவலிக்கென்று ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரையைத் தானாகச் சேர்த்துக்கொள்வதும் வேண்டாம், வயிற்றில் ரத்தம் கசியலாம்.

படி 6: டாக்டரைப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களுக்குத் தயாராகுங்கள்

"கொஞ்சம் டயர்டா இருக்கு டாக்டர்" என்று ஆரம்பித்தால் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்குப் பதில், "மூன்று மாதம் முன்பு தெருமுனைவரை நடந்து போய் வருவார், இப்போது வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறார். அசதிக்கு அவர் போடும் மதிப்பெண் 4இலிருந்து 8 ஆகியிருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

போவதற்கு முன்பே அப்பாவிடம் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: "முதலில் நீங்க பேசுங்க, விட்டதை மட்டும் நான் சொல்றேன்." நோய் அவருடையது. அவர் தலைக்கு மேலே நீங்களும் டாக்டரும் பேசிக்கொள்வது அவரைச் சிறுமைப்படுத்தும், அடுத்த முறை அவர் உண்மையை மறைக்கவும் வைக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி எடுத்துப்போங்கள். இந்த அசதி நோயாலா, மருந்தாலா, வேறு காரணமா? நோய் அடுத்த கட்டத்துக்குப் போகிறதா, அதைத் தெரிந்துகொள்ள என்ன சோதனை? ரத்தம் ஏற்றினால் பலன் இருக்குமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு பை ரத்தம் ஹீமோகுளோபினைச் சுமார் 1 கிராம் ஏற்றும். எப்போது ஏற்றுவது என்பதை எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, அறிகுறியையும் இதயத்தின் நிலையையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஏற்றிய பிறகு அவர் தெளிவாக இருந்தாரா, எத்தனை நாள் என்று உங்கள் நோட்டில் இருந்தால், அடுத்த முடிவு எளிதாகும். எம்.டி.எஸ்.ஸில் ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்க எரித்ரோபாய்ட்டின் ஊசியும் லஸ்பாட்டர்செப்ட்டும் இருக்கின்றன. இவை எல்லோருக்கும் பொருந்தாது, கேட்பதில் தவறில்லை.

நோய்த்தணிப்புச் சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) என்றால் கடைசிக் கட்டம் என்று பயப்படுகிறோம். அப்படி இல்லை. அசதி, வலி, மூச்சிரைப்பு போன்ற தொல்லைகளைக் குறைப்பதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறவர்கள் அந்தப் பிரிவு டாக்டர்கள். நோய்க்கான சிகிச்சை நடக்கும்போதே அவர்களையும் பார்க்கலாம்.

படி 7: ஓய்வு மட்டும் போதாது, உடம்பு அசைய வேண்டும்

பாசத்தில் நாம் செய்யும் முதல் காரியம், "நீங்க படுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்பதுதான். ஆனால் படுத்தே இருந்தால் தசை கரையும். தசை கரைந்தால் எழுந்து நிற்பதே பெரிய வேலையாகும், அசதி இன்னும் கூடும். கேட்பதற்கு முரணாக இருக்கலாம், ஆனால் நாள்பட்ட நோய் அசதிக்கு ஓரளவு நிச்சயமான பலன் தருவது அளவான உடற்பயிற்சிதான்.

ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் ரொம்பக் குறைவாக இருந்தால், தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால், மண்ணீரல் பெரிதாக இருந்தால் சில அசைவுகள் கூடாது. அனுமதி கிடைத்தால் ஐந்து நிமிட நடையில் தொடங்கலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. பேச்சு திணறினால் வேகம் அதிகம். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை மெதுவாகச் செய்யலாம். ஐந்து முறை எழுந்து உட்கார 15 நொடிக்கு மேல் ஆனால் தொடைத் தசை பலவீனம் என்று பொருள். பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால் அவர் உடலுக்கு ஏற்றபடி சொல்லித் தருவார்.

மறுநாள் முழுக்கப் படுத்துவிட்டார் என்றால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். அதேபோல, நல்ல நாள் கிடைத்துவிட்டதே என்று அவர் ஒரே நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வதையும் கவனியுங்கள். இரண்டு நாள் அதற்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

படி 8: இருக்கிற சக்தியை எதற்குச் செலவழிப்பது என்று அவரே முடிவு செய்யட்டும்

அன்றைய சக்தி கையிலிருக்கும் காசு மாதிரி. குளியலுக்கே பாதி போய்விட்டால் பேரப்பிள்ளையோடு பேச மிச்சம் இருக்காது. ஆகவே எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பாருங்கள். குளியலறையில் ஒரு நாற்காலி, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி, குளித்தவுடன் துவட்டி நிற்காமல் போர்த்திக்கொள்ளப் பெரிய துண்டு. அடிக்கடி எடுக்கும் சாமான்கள் இடுப்பு உயரத்தில். மாடியில் படுக்கை இருந்தால் கீழே மாற்றுவது. டாக்டரைப் பார்க்கிற நாளில் வேறு வேலை வேண்டாம்.

எதை விடுவது என்பதை மட்டும் நாம் முடிவு செய்யக் கூடாது. நமக்குச் சமையல் வேண்டாத சுமையாகத் தெரியலாம், அம்மாவுக்கு அதுதான் அன்றைய நாளின் அர்த்தமாக இருக்கலாம். "இதுல எது உங்களுக்குக் கட்டாயம் வேணும், எதை நான் எடுத்துக்கட்டும்?" என்று கேளுங்கள். அவர் வைத்துக்கொள்ள விரும்புவதை உட்கார்ந்து செய்ய வழி பண்ணுங்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யலாமே.

படி 9: தூக்கம், சாப்பாடு, மனம்

பகல் தூக்கம் அரை மணிக்குள், மதியம் மூன்று மணிக்கு முன்பு என்றால் இரவுத் தூக்கம் கெடாது. இரவில் கால் குறுகுறுத்து அசைத்துக்கொண்டே இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது, டாக்டரிடம் சொல்லுங்கள். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் தூக்கப் பரிசோதனை தேவைப்படலாம். இரவில் வியர்த்து உடை நனைகிறதென்றால் அதுவும் நோயின் அறிகுறிதான். மாற்றுடையைக் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள், நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

மண்ணீரல் வீங்கியவருக்கு மூன்று வேளை நிறையச் சாப்பிட முடியாது. ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாக, புரதம் இருக்கும்படி கொடுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் பத்து சதவீதம் குறைந்திருந்தால் அது டாக்டருக்கு உடனே தெரிய வேண்டிய செய்தி.

மனச்சோர்வு அசதியின் வேடத்தில் வரும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமே இல்லையா, மனம் இருண்டு கிடக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை நேராகவே கேட்கலாம். அசதி மட்டும் உள்ளவர் "செய்யணும்னு ஆசையா இருக்கு, முடியல" என்பார். மனச்சோர்வு உள்ளவர் பெரும்பாலும் "ஆசையே இல்ல" என்பார். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் வாய்ப்புண்டு. மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, இந்த வயதிலும் பலன் தரும்.

படி 10: உங்கள் கவலைக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும்

தள்ளி இருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். போனில் குரல் கொஞ்சம் தளர்ந்து கேட்டாலே அன்றைய தூக்கம் போய்விடும். தினமும் நாலு முறை அழைத்து உடல்நிலை விசாரித்தால் அவர் தன்னை நோயாளியாக மட்டுமே பார்க்கத் தொடங்குவார். வாரத்தில் ஒரு நாளை நோய் பற்றிய பேச்சுக்கு ஒதுக்குங்கள், நோட்டை அன்று சேர்ந்து பாருங்கள். மற்ற நாட்களில் வேறு எதையாவது பேசுங்கள், பழைய கதை, வீட்டுச் சண்டை, அவருக்குப் பிடித்த விளையாட்டு, எதுவானாலும் சரி. படி 2இல் உள்ளவை மட்டும் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் சொல்ல வேண்டியவை என்று அவரோடும், அருகில் இருப்பவரோடும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை டாக்டரின் எண்ணோடு சேர்த்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் வேலையைப் பெயர் போட்டுப் பிரியுங்கள். ஒருவர் மருந்து வாங்குவது, ஒருவர் ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வைப்பது, ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டால் பெரும்பாலும் ஒருத்தர்தான் எல்லாவற்றையும் சுமப்பார். அது பக்கத்தில் இருப்பவராகவோ மருமகளாகவோ இருக்கும். அவரும் களைத்துப்போவார் என்பதை நினைவில் வைத்து, மாதத்தில் சில நாட்களாவது அவரை விடுவிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் ஒரு கேள்வி: "இது எனக்கும் வருமா?" ஜாக்-2 போன்ற மாற்றங்கள் பொதுவாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருபவை அல்ல, ஒருவரின் மஜ்ஜையில் ஒரு அணுவில் புதிதாகத் தோன்றுபவை. எம்.டி.எஸ்.ஸும் பெரும்பாலும் அப்படித்தான். பாலிசைதீமியா குடும்பத்து நோய் உள்ளவரின் நெருங்கிய உறவினருக்கு ஆபத்து மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுதல், ஆனால் நோயே அரிது என்பதால் மொத்த ஆபத்து குறைவுதான். பயந்து மரபணுச் சோதனைக்கு ஓடத் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு மேல் ரத்தநோய் இருந்தாலோ, இளவயதிலேயே யாருக்காவது வந்திருந்தாலோ மட்டும் அதை ரத்தநோய் நிபுணரிடம் சொல்லி, சோதனை தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.